ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் ஏன் ஊளையிடுகிறது?

காரில் தனியாக ஆம்ப்ளிஃபயர் மாட்டியவர்கள் பலர் சொல்லும் புகார் இது: பாட்டுக்கு அடியில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்கிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் ஏறுகிறது. உடனே ஆம்ப்ளிஃபயரைக் கழற்ற வேண்டாம். முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள்.

ஆல்டர்னேட்டரில் பிறப்பது மாறுமின்சாரம். டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கினாலும் சிறு அலை மிஞ்சும். எஞ்சின் வேகம் கூடினால் அந்த அலையும் வேகம் பிடிக்கும். டேஷ்போர்டு ஸ்டீரியோவுக்கு ஓரிடத்தில் எர்த், டிக்கியில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு வேறிடத்தில் எர்த். ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டால் இரண்டுக்கும் நடுவே சிறிதளவு வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடும். இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் வெளிக்கம்பி வழியாக அந்த அலை பாட்டோடு கலக்கிறது. ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் சேர்த்தே பெருக்கித் தருகிறது.

எர்த் போல்ட்டைக் கழற்றினால் பல நேரம் அடியில் பெயின்ட் பளபளக்கும். பெயின்ட்டில் மின்சாரம் பாயாது. உப்புத்தாளால் வெறும் தகடு தெரியும்வரை தேய்த்துவிட்டு இறுக்குங்கள். எர்த் ஒயர் பாசிட்டிவ் ஒயரின் அதே தடிமனில், அரை மீட்டருக்குள் இருக்கட்டும். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்காதீர்கள். அது உயிர் காக்கும் இடம். ஆர்சிஏ கேபிளையும் பவர் ஒயரையும் காரின் எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டுபோவது நல்லது.

ஆம்ப்ளிஃபயரில் 'புரொடெக்ட்' விளக்கு எரிந்தால், ஸ்பீக்கர் ஒயர்களை எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு ஸ்பீக்கர் பக்கம். கதவு திறந்து மூடும் இடத்தில் ஒயர் நசுங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 3-க்குச் சற்று மேலே காட்டும். பூஜ்யம் என்றால் ஷார்ட். எதுவுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் அறுந்துவிட்டது.

காயில் கருகுவதற்கு முக்கியக் காரணம் கெயின் திருகு. அது வால்யூம் அல்ல, ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. அதை முழுதாகத் திருகி வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். சிக்னலின் உச்சி வெட்டுப்பட்டு, பாட்டு கரகரத்து, காயில் சூடேறிப்போகும்.

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்காதீர்கள். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கும் அந்த ஃபியூஸ்தான், பவர் ஒயர் பாடியில் உரசினால் தீப்பிடிக்காமல் காக்கிறது. ஒயர் எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.