கலவரத்துக்கு முன்னறிவிப்பு: வாஜிர் சந்தை காட்டிய வழி

கடைவீதியில் கலவரம் மூண்டால் முதல் கல் விழுவது நம் கடை மீதுதான். ஆனால் எந்தக் கலவரமும் ஒரே நாளில் முளைப்பதில்லை. வாடிக்கையாக வரும் ஒரு பகுதியினர் திடீரென்று வராமல் நிற்பார்கள், வதந்தி உலவும், இன்னாரிடம் வாங்காதே என்ற பேச்சு எழும். இத்தகைய அறிகுறிகளைக் கவனித்து, உரியவர்களுக்கு உடனே தெரிவித்து, மோதலைத் தடுக்கும் ஏற்பாட்டையே முன்னெச்சரிக்கை அமைப்பு என்கிறோம்.

இதற்கு நல்ல உதாரணம் கென்யா நாட்டின் வடகிழக்கிலுள்ள வாஜிர் நகரம். 1990-களின் தொடக்கத்தில் கடும் வறட்சியால் கால்நடைகள் மடிந்தன. சோமாலி குலங்களுக்கிடையே கொலையும் கொள்ளையும் பெருகின. பகை சந்தைக்குள்ளும் புகுந்தது. ஒரு குலத்தார் மற்றொரு குலத்தாருடன் கொடுக்கல் வாங்கல் செய்ய மறுத்தனர்.

1993-ல் தேகா இப்ராஹிம் அப்தி உள்ளிட்ட சில பெண்கள் சந்தையிலிருந்தே பணியைத் தொடங்கினர். எக்குலத்தவரும் தடையின்றி விற்கவும் வாங்கவும் முடிகிறதா என்று கண்காணிக்கப் பல குலப் பெண்களைக் கொண்ட குழு அமைத்தனர். தகராறு எழுந்தால் உடனுக்குடன் பேசித் தீர்த்தனர். பிறகு குலப் பெரியவர்கள், இளைஞர்கள், வணிகர்கள், அரசு அதிகாரிகள் ஆகியோரும் சேர, 1995-ல் அது வாஜிர் அமைதி, வளர்ச்சிக் குழுவாயிற்று. எங்கேனும் பூசல் என்று தகவல் வந்தால், அக்குழுவினர் நேரில் விரைந்து சமாதானம் பேசினர்.

2007 தேர்தலையொட்டிய வன்முறையில் கென்யாவில் 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்ட பின், இத்தகைய அமைதிக் குழுக்கள் நாடெங்கும் விரிவாக்கப்பட்டன. 2010 பொதுவாக்கெடுப்பின்போது, பதற்றம் பற்றிய செய்தியை 108 என்ற எண்ணுக்குக் கைப்பேசியில் அனுப்ப வழி செய்யப்பட்டது. வாக்கெடுப்பு அமைதியாக நடந்தது.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதற்கு ருவாண்டா சாட்சி. ஆயுதங்கள் பதுக்கப்பட்டுள்ளதாக ஐ.நா. படைத் தளபதி தல்லேர் 1994 ஜனவரி 11-ல் நியூயார்க்குக்குத் தகவல் அனுப்பினார். அவற்றைக் கைப்பற்ற அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரலில் படுகொலை தொடங்கியது. நூறு நாட்களுக்குள் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டனர்.

ஊர் நிலவரம் கல்லாவில் அமர்ந்திருக்கும் நமக்கு முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. அதை யாரிடம் சொல்வது, கேட்டவர் அன்றைக்கே என்ன செய்வது என்பதை அமைதியான நாளிலேயே ஒவ்வொரு கிளைச் சங்கமும் முடிவு செய்துகொள்வது நலம்.