சுங்கச் சாலையா, இலவசச் சாலையா? கடைக்காரர் போட வேண்டிய கணக்கு

தரமணியில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், துரைப்பாக்கத்தில் உள்ள ஒரு மெஸ்ஸுக்கு நான்கு மூட்டை அரிசியும் இரண்டு டின் எண்ணெயும் அனுப்புகிறார். தூரம் சில கிலோமீட்டர்தான். ஆனால் 2021-ஆம் ஆண்டு வரை, அந்தச் சிறு தூரத்திற்கும் பெருங்குடி சாவடியில் வண்டி நின்று பணம் கட்டியாக வேண்டும். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது இப்படிப்பட்ட வியாபாரத்தைத்தான்.

இன்று அந்தச் சாவடி இல்லை. ஆனால் அது எழுப்பிய கேள்வி அப்படியே இருக்கிறது. பணம் கட்டிப் போகும் நல்ல சாலை வணிகருக்கு லாபமா, அல்லது அரசு போடும் இலவசச் சாலையே போதுமா?

நம் வாசலில் நடந்தது

பழைய மகாபலிபுரம் சாலையை ஆறுவழிச் சாலையாக்கும் பொறுப்பு, தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1998-ல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் முழுக்கத் தனியாருடையது அன்று. அரசின் டிட்கோவும், ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்னும் நிதி நிறுவனமும் கூட்டாக அமைத்தது. மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டர் சாலை 2008-ல் திறக்கப்பட்டு, ராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்றது.

அந்தச் சாலையால் நமக்கு நன்மை இல்லை என்று சொல்வதற்கில்லை. டைடல் பூங்காவும் அதைத் தொடர்ந்து வந்த அலுவலகங்களும் பெருகப் பெருக, தரமணி, கந்தன்சாவடி, பெருங்குடிப் பகுதிகளில் கடைகளும் பெருகின. பிறகு மெட்ரோ ரயில் பணிகளால் சாலை குறுகியபோது, பெருங்குடி உள்பட நான்கு சாவடிகளில் 2021 ஆகஸ்ட் 30 முதல் வசூல் நிறுத்தப்பட்டது. நாவலூர் சாவடியில் 2023 அக்டோபர் 19 முதல் நின்றது.

இலவசம் என்பது உண்மையா?

சாவடி இல்லாத சாலை இலவசம் என்று நாம் நினைக்கிறோம். அது முழு உண்மை அன்று. வண்டிக்குச் சாலை வரி கட்டுகிறோம். டீசல் போடும்போதும் கட்டுகிறோம். 2000-ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம், எரிபொருள் மீதான தீர்வையைச் சாலைக்கு ஒதுக்கியது. 2018 மத்திய பட்ஜெட்டில் லிட்டருக்கு 8 ரூபாய் சாலை மற்றும் உள்கட்டமைப்புத் தீர்வை விதிக்கப்பட்டது. ஆகவே சாவடியை மூடினாலும் செலவு மறைவதில்லை. பராமரிப்புப் பணம் பொதுநிதியிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் குழிகளில் நம் வண்டியின் டயரும் பட்டையும் போகும். தக்காளிக் கூடையும் நசுங்கும்.

சிறு வணிகருக்கே சுமை அதிகம்

சுங்கக் கட்டணம் சரக்கின் எடைக்கு அல்ல, வண்டியின் வகைக்கு விதிக்கப்படுகிறது. இதில்தான் நமக்குச் சங்கடம். போய்வர 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வியாபாரி 2,000 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 5 காசு. சில்லறைக் கடைக்காரர் அதே வண்டியில் 200 கிலோ ஏற்றினால் கிலோவுக்கு 50 காசு. சர்க்கரை, அரிசி போன்ற சரக்கில் நமக்கு நிற்கும் லாபம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நீண்ட பயணத்தில் கணக்கு மாறும். நல்ல சாலையால் ஒரு நாளில் ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை போக முடிந்தால், டிரைவர் படியும் டீசலும் மிச்சமாகி, கட்டிய சுங்கம் திரும்பி வந்துவிடும். ஆகவே வெளியூர்ச் சரக்குக்குச் சுங்கச் சாலை பெரும்பாலும் கட்டுபடியாகும். நகருக்குள் கடைக்குக் கடை போகும் சரக்குக்குக் கட்டுபடியாகாது.

முடிவு தேதி இல்லாத கடன்

தனியார் சாலையில் நாம் கவனிக்க வேண்டிய மற்றொன்று ஒப்பந்தம். டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டி.என்.டி. மேம்பாலச் சாலை 2001-ல் திறக்கப்பட்டது. இதை முன்னின்று தொடங்கியதும் மேலே சொன்ன அதே நிதி நிறுவனம்தான். முதலீட்டுக்கு ஆண்டுக்கு 20 சதவீத வருமானம் என்று ஒப்பந்தம். வருமானம் குறைந்தால், குறைந்த தொகை திட்டச் செலவோடு சேரும். வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போகும் கந்துக் கடன் எப்படித் தீரும்? 2016-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நாம் செய்ய வேண்டியவை

தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 2008-ஆம் ஆண்டு விதிகளில் சில சலுகைகள் உள்ளன. 24 மணி நேரத்தில் திரும்பினால், இரு நடைக்கு ஒன்றரை மடங்கு கட்டணமே. மாதம் 50 நடைக்கான பாஸ் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அடிக்கடி போகிறவர்கள் இதை விடக்கூடாது. சுங்கக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, எனவே உள்ளீட்டு வரிக் கழிவு என்ற பேச்சும் இல்லை. ஆனால் வியாபாரச் செலவாகக் கணக்கில் எழுதலாம். ஃபாஸ்டேக் கணக்கு விவரத்தை மாதந்தோறும் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு எடுத்தால், கிலோவுக்கு விழும் சுங்கம் அப்போதே பாதியாகும்.

சங்கமாக நாம் கேட்க வேண்டியது, "எல்லாச் சாவடியையும் மூடு" என்பதல்ல. சாலைக்கு ஆன செலவு எவ்வளவு, இதுவரை வசூலானது எவ்வளவு என்று சாவடியிலேயே பலகையில் எழுதி வைக்கட்டும். வசூல் முடியும் தேதியைச் சொல்லட்டும். குடியிருப்பும் கடையும் நிறைந்த இடத்தில் சாவடி வேண்டாம். வைத்தால், உள்ளூர்ச் சரக்கு வண்டிக்கு விலக்கு வேண்டும்.

கடனுக்குச் சரக்கு எடுத்தாலும் தவணை எப்போது முடியும் என்று கேட்டுத்தான் நாம் கையெழுத்துப் போடுகிறோம். சாலைக்கும் அதே கேள்வியைக் கேட்பதில் தவறில்லை.