வண்ணச் சுருள் கழுவுவோர் கவனத்திற்கு

ஊரை விட்டு வந்த குடும்பங்களின் பெட்டிகளில் கழுவாத நிழற்படச் சுருள்கள் சில இன்றும் கிடக்கின்றன. பாட்டனாரின் சஷ்டியப்தபூர்த்தியோ, குலதெய்வத்திற்கு இட்ட பொங்கலோ, எது அதனுள் இருக்கிறதென்று எடுத்தவருக்கே நினைவிராது. மைசூரு ராமாபுரத்து இல்லங்களிலும் அத்தகையவை இருத்தல் கூடும். சுருள் கழுவும் கடைகள் அருகிவிட்டமையால், ஆர்வமுள்ள இளைஞர்கள் ஜெர்மனியின் ஜோபோ போன்ற சுழல் எந்திரத்தை வைத்து வீட்டிலேயே கழுவ முற்படுகின்றனர். நல்ல முயற்சியே, எனினும், கழுவிக் கெட்ட சுருளை மீண்டும் எடுக்க இயலாதாகையால் சில கூற விழைகிறோம்.

முதற்கண் சுருளின் மேலுள்ள எழுத்தைப் படித்தல் வேண்டும். இன்று கிடைக்கும் வண்ண நெகடிவ் மருந்துகள் ‘சி-41’ முறைக்குரியவை. கோடக் நிறுவனம் அதனை 1972இல் கொணர்ந்தது. அதற்கு முந்திய ‘சி-22’ சுருள் ஏறத்தாழ 24 டிகிரி வெப்பத்திற்கு அமைந்தது. சி-41 டெவலப்பரின் வெப்பமோ 37.8 டிகிரி. அச்சூட்டில் பழஞ்சுருளின் படலம் இளகிச் சிதையலாம்.

நம் உதகையில் 1967 முதல் உற்பத்தி நடந்து, பின்னர் மூடப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள் பலர் வீட்டில் புழங்கியது. அதனை வண்ண மருந்தில் இட்டால் நேர்வது பெருங்கேடு. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளியால் ஆனது. வண்ண முறையில் பிளீச்சும் பிக்ஸரும் வெள்ளி முழுவதையும் நீக்கிவிடும். வெறும் கண்ணாடித் தாள் போன்ற பட்டையே மிஞ்சும்.

சுழல் எந்திரத்தில் தொட்டி வெந்நீரில் படுத்தவாறு முன்னும் பின்னும் உருளும். நிமிர்த்திக் கழுவ வேண்டிய மருந்தில் பாதியளவே போதுமானது. சிக்கனந்தான்; ஆனால் தொட்டி சிறிது சாய்ந்திருப்பினும் மருந்து ஒரு பக்கமே சேர்ந்து, படத்தில் பட்டை விழும். மட்டப்பலகை வைத்துப் பார்த்த பின்னரே எந்திரத்தை ஓட்டுக. டெவலப்பருக்குரிய நேரம் மூன்று நிமிடம் பதினைந்து விநாடி. வெப்பத்தில் கால் டிகிரி மாறினாலும் நிறம் பிறழும். மார்கழிக் காலையில் புட்டியிலுள்ள மருந்து சூடாயிருக்க, தொட்டியும் சுருளும் குளிர்ந்திருப்பின் ஊற்றிய கணமே சூடு இறங்கிவிடும். ஆதலால் மருந்து ஊற்றாமலே தொட்டியை ஐந்து நிமிடம் வெந்நீரில் உருட்டுதல் இன்றியமையாதது. உருளுங்கால் காற்றுக் கலந்து டெவலப்பர் விரைவில் வலுவிழக்கும். ஒருமுறை பயன்பட்டதைக் கொட்டிவிடுவதே மேல் என்பது எமது கருத்து.

படம் வெளிறி வந்துவிட்டதெனில் பழி யாருடையது? சுருளின் ஓரத்தில் ஆலையார் பதித்த எண்களையும் எழுத்துக்களையும் பாருங்கள். அவை அழுத்தமாயிருந்து படம் மட்டும் மங்கலாயிருப்பின், காமிராவில் வெளிச்சம் போதவில்லை. கழுவியவர் மேல் குற்றமில்லை. எழுத்தும் மங்கியிருப்பின் டெவலப்பர் தேய்ந்ததோ குளிர்ந்ததோ ஆகும். எழுத்துக்கூட இல்லையெனில் டெவலப்பர் செத்துவிட்டது, அன்றி மருந்துகள் வரிசை மாறின. பல்லாண்டு கிடந்த சுருளில் மட்டும் இச்சோதனை முழு உறுதி தராது; மூப்பினாலேயே எழுத்தும் மங்கும், மூட்டமும் படரும்.

டெவலப்பரில் நேர்ந்த பிழைக்குப் பரிகாரமில்லை. பின்னர் நேர்ந்தவற்றிற்கு உண்டு. இது பலரும் அறியாதது. படம் கருமையாய், நிறம் சோர்ந்து, பருக்கை பருக்கையாய்த் தோன்றினால் வெள்ளி எஞ்சியிருக்கிறது. புதிய பிளீச்சிலும் பிக்ஸரிலும் மீண்டும் இட்டால், பகல் வெளிச்சத்திலேகூட, படம் தெளிந்துவிடும். பால் படர்ந்தாற்போலிருப்பின் பிக்ஸர் மட்டும் போதும். ஆதலின் அவசரப்பட்டுச் சுருளைக் குப்பையில் எறியற்க. பிளீச் ஒரு சில துளி டெவலப்பரில் சேர்ந்தாலும் அடுத்த சுருள் பாழ். தொட்டி, மூடி, உள்ளிருக்கும் வளையம் மூன்றையும் நன்கு அலசுதல் வேண்டும். சமையற் பாத்திரங்களை இதற்குத் தருதல் கூடாதென்று இல்லத்தரசிகள் கண்டிப்புடன் இருப்பது நன்று.

வீட்டுச் சுருளை ஏற்றுமுன், கடையில் வாங்கிய புதுச் சுருள் ஒன்றில் தெருவையும் மாடியையும் படமெடுத்துக் கழுவிப் பாருங்கள். அதன் ஓரத்து எழுத்துக்கள் அழுத்தமாக வந்த பின்னர் பெட்டியைத் திறக்கலாம்.