வீட்டைச் சோதனையிட என்ன காரணம் வேண்டும்?

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். நாமக்கல், ராசிபுரம், சேலம் சாலையில் நாம் இருக்கும் புதுச்சத்திரம் எல்லாமே அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. கள்ளுக்கடையை மூடியதோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. சாராயம் இருப்பதாகத் தகவல் வந்தால் ஒருவர் வீட்டுக்குள் யார் நுழையலாம், எப்போது நுழையலாம் என்பதையும் சொன்னது. 1997-ல் நாமக்கல் தனி மாவட்டமானது. மதுவிலக்குச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது.

அதன்படி, தகவல் கிடைத்து விசாரித்தபின் குற்றம் நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் சோதனை ஆணை, அதாவது சர்ச் வாரண்ட், பிறப்பிக்கலாம். வாரண்டுக்குப் போய்வருவதற்குள் ஆள் தப்பிவிடுவார், சரக்கு மறைக்கப்படும் என்ற நிலை இருந்தால் வாரண்ட் இல்லாமலும் நுழையலாம். ஆனால் ஏன் அப்படி நம்புகிறேன் என்பதை அதிகாரி முதலில் எழுதிவிட வேண்டும். இந்த வரிசையைத்தான் நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். காரணத்தை எழுதுவது முதலில், கதவைத் தட்டுவது பிறகு. சோதனை முடிந்தபின் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் காரணம் சட்டம் கேட்கும் காரணம் ஆகாது.

இன்னொரு மாநிலச் சட்டம், 1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம். ஓர் இடம் சூதாட்ட விடுதியாக நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சம்பளம் பெறும் நடுவரோ உதவிக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியோ 5-ஆம் பிரிவின்படி வாரண்ட் தரலாம். அப்படி முறையாக நுழைந்து சீட்டுக்கட்டோ தாயக்கட்டையோ எடுத்தால், அது சூதாட்ட விடுதிதான் என்று நீதிமன்றம் அனுமானிக்க 6-ஆம் பிரிவு இடம் தருகிறது. 5-ஆம் பிரிவின்படி நுழையவில்லை என்றால் அந்த அனுமானத்துக்கு அடிப்படை கிடையாது. லாபம் பார்ப்பதற்காக நடத்தும் இடம்தான் சூதாட்ட விடுதி. விசேஷ வீட்டில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து சீட்டாடினால் அந்த வீடு விடுதியாகிவிடாது.

மற்ற குற்றங்களுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பொருந்தும். அதன் 96-ஆம் பிரிவு, நீதிமன்றம் வாரண்ட் தருவதற்கான காரணங்களைச் சொல்கிறது. ஆவணத்தைக் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவர மாட்டார் என்று தோன்ற வேண்டும். அல்லது அது யார் கையில் இருக்கிறது என்றே தெரியாமல் இருக்க வேண்டும். அல்லது பொதுவான சோதனை விசாரணைக்கு உதவும் என்று நீதிமன்றம் கருத வேண்டும். வீட்டின் இந்தப் பகுதியை மட்டும் சோதிக்கலாம் என்று வரம்பு போடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. திருட்டுப் பொருள், கள்ளப் பத்திரம் போன்றவற்றுக்கு 97-ஆம் பிரிவு இருக்கிறது. அவசரத்தில் வாரண்ட் இல்லாமல் காவல்துறை சோதிக்க 185-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அங்கும் காரணத்தையும் தேடும் பொருளையும் எழுத வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் இலவசமாக ஒரு நகல் தர வேண்டும். இந்த நகலைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகவும் குறைவு.

வாசலில் போலீஸ் நிற்கும்போது என்ன செய்வது? மறிக்காதீர்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக இன்னொரு வழக்கு சேரும். வாரண்டைக் காட்டச் சொல்லுங்கள்; அதைப் பிறப்பித்தவரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா, முகவரி உங்களுடையதுதானா என்று பாருங்கள். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது சாட்சியாக இருக்க வேண்டும். சோதனை நடக்கும்போது கூடவே இருப்பது உங்கள் உரிமை. பெண்ணின் உடலைச் சோதிப்பது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல். சோதனை முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் முக்கியம். நம் பக்கத்தில் மகஜர் என்பார்கள். ‘செல்போன் 1, பணம்’ என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். எந்த கம்பெனி போன், என்ன நிறம், ஐ.எம்.இ.ஐ. எண் என்ன, எத்தனை ரூபாய்த் தாள் எத்தனை, பீரோவில் இருந்ததா அரிசி டிரம்மில் இருந்ததா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சாட்சிகள் கையெழுத்திட்ட நகல் ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். சோதனை முறைப்படி நடக்கவில்லை என்பதற்காகவே வழக்கு விழுந்துவிடாது. முறை தவறி எடுத்த ஆதாரத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம் என்று 1973-ல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த ஆதாரம் நம்பத்தக்கதா என்று வழக்கறிஞர் கேள்வி எழுப்பலாம். அதற்கு அவர் கையில் இருக்கப்போவது அந்த மகஜர் நகலும் வீடியோவும்தான்.

வரம்பில்லாத சோதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனம், காவல், வருவாய்த் துறையினர் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் முப்பது வருடத்துக்கும் மேல் நீதிக்காக நின்றார்கள்.

லாரித் தொழில் உள்ள நம் ஊர்களில் இன்னொரு கவலை, பிடிபட்ட வண்டி ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிப்பது. வண்டிகளை நீண்ட காலம் அங்கே போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் தேசாய் வழக்கில் 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரி நடுவரிடம் மனு போடலாம். மதுவிலக்கு போன்ற சட்டங்களில் பறிமுதலுக்குத் தனி நடைமுறை இருப்பதால், அந்த வழக்குகளில் முதல் வாரத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.

வாரண்ட் என்றாலே நமக்கு எதிரானது என்று நினைக்க வேண்டாம். முன்பணம் கொடுத்ததைச் சொல்லிச் செங்கல் சூளையில் யாரையாவது அடைத்துவைத்திருந்தாலோ, வேறு சாதியில் கல்யாணம் செய்த பெண்ணை வீட்டில் பூட்டிவைத்திருந்தாலோ, சன்ஹிதாவின் 100-ஆம் பிரிவின்படி நீங்களே சோதனை ஆணை கேட்கலாம். முதல் வகுப்பு நடுவரிடமும் கேட்கலாம். உட்கோட்ட நடுவராக இருக்கும் வருவாய்க் கோட்டாட்சியரிடமும், மாவட்ட ஆட்சியரிடமும் கேட்கலாம். மீட்கப்பட்டவரை உடனே நடுவர் முன் கொண்டுவர வேண்டும். மனு எழுத ஆள் இல்லையென்றால் நாமக்கல் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரைத் தருவார்கள்.