துருப்பிடித்த திருகாணி

புனேயை அடுத்த ரஞ்சன்காவ் ஆலையில் உருவாகி, 2009-இல் விற்பனைக்கு வந்த ஃபியட் லீனியா, புன்டோ வண்டிகள் இன்று பழையனவாகிவிட்டன. அவற்றை வைத்திருப்போர் அறியவேண்டுவது ஒன்றுண்டு.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால், மலைச்சரிவில் பிரேக் சூடேறும்போது ஆயிலில் ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதித்தாலும் வண்டி நில்லாது. ஆதலால் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுதல் நன்று. பழைய ஆயிலும் காற்றும் வெளியேறும் வாயிலே பிளீடர் திருகாணி.

மழைக்காலம் பல கண்ட திருகாணி துருவேறி இறுகிவிடும். அதனை வலிந்து திருகலாகாது. உள்ளே துளையுடைய அது எளிதில் முறியும். முறிந்தால் காலிப்பரையே மாற்ற நேரலாம்.

கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துருவிளக்கும் எண்ணெயிட்டு ஓரிரவு விடுக. அவ்வெண்ணெய் பிரேக் கட்டையில் படலாகாது. மறுநாள் திருகாணியின் தலையில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, ஆறு பட்டையுள்ள பாக்ஸ் ஸ்பானரைப் பொருத்துக. சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி அசைத்துவரின் துருவின் பிடி விடும். தீயால் சூடேற்றுதல் வேண்டா. பிரேக் ஆயில் தீப்பற்றக்கூடியது.

பின்னர்ப் புதிய திருகாணியிட்டு, காற்றை முற்றும் வெளியேற்றி, ரப்பர் மூடியும் இடுக. மிதிகட்டை உறுதியாக நிற்பதைக் கண்ட பின்னரே கண்டாலா மலைச்சாலையில் இறங்குதல் அறிவுடைமை.