வேலையில் பின்தங்கும் சிப்பந்தி: விலக்குவதா, திருத்துவதா?

இரண்டு வியாபாரிகள் சந்தித்தால் முதலில் பேசுவது விலைவாசியைப் பற்றி. அடுத்துப் பேசுவது, "கடையில் ஆள் சரியில்லை" என்பதைப் பற்றி. திருடுகிறவனைப் பற்றி இங்கே பேசவில்லை. அது வேறு விவகாரம். நாணயமாக இருக்கிறான், நேரத்திற்கு வருகிறான், ஆனால் வேலை ஓடவில்லை என்கிறோமே, அந்தச் சிப்பந்தியைப் பற்றியே இக்கட்டுரை.

நஷ்டத்தைக் கணக்குப் பாருங்கள்

பருப்புப் பொட்டலம் போடுகையில் ஒன்றுக்குப் 10 கிராம் கூடுதலாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 பொட்டலம் என்றால் 1 கிலோ. மாதத்திற்கு 30 கிலோ. கிலோ 120 ரூபாய் என்றால் மாதம் 3,600 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. குறைவாக விழுந்தாலோ, 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முதலாளிக்கே வம்பு. சிட்டையில் ஒரு சாமான் விட்டுப்போனால் வாடிக்கையாளர் ஒருமுறை திரும்பி வருவார். மறுமுறை அடுத்த கடைக்குப் போவார். மேலும், ஒருவர் விட்ட வேலை மற்றவர் தலையில் விழுகிறது. நல்ல சிப்பந்தி மனம் சலித்துப் போவது இதனால்தான்.

காரணம் என்ன?

திட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். நம் கடைகளில் பெரும்பாலும் காண்பவை இவை:

1. பார்வை: நாற்பது வயதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. எலக்ட்ரானிக் தராசின் எண்ணும், பாக்கெட்டில் பொடி எழுத்தில் உள்ள காலாவதித் தேதியும் தெரியாது. வெளியில் சொல்லக் கூச்சப்படுவார். ஒரு கண்ணாடியில் தீர்கிற குறைக்காகப் பத்து வருட ஆளை இழக்கலாமா?

2. உடம்பு: காலை முதல் இரவு வரை நின்றால் யாருக்கும் கால் வீங்கும், மாலையில் கை தளரும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சட்டத்திருத்தப்படி கடை ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும். கூட்டமில்லாத நேரத்தில் உட்கார விட்டால், கூட்ட நேரத்தில் வேலை சுறுசுறுப்பாக நடக்கும்.

3. வேலை மாறிவிட்டது: மனக்கணக்கில் புலியாக இருந்தவர், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து கம்ப்யூட்டர் பில் போட நேர்ந்ததும் தடுமாறியிருக்கலாம். ஆள் மாறவில்லை; வேலைதான் மாறியது. ஒரு மாதம் கூட உட்கார்ந்து பழக்க ஒருவர் வேண்டும்.

4. வீட்டுக் கஷ்டம்: வட்டிக்கடன், நோய், பிள்ளை படிப்பு. கவனம் கடையில் இருக்காது.

5. முதலாளி சொல்லும் வேலையில் குழப்பம்: அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி வேறு சொல்வார். இதில் பிழை சிப்பந்தியுடையது அல்ல.

எப்படிப் பேசுவது?

வாடிக்கையாளர் முன்னிலையிலும், மற்றச் சிப்பந்திகள் முன்னிலையிலும் கண்டிக்கவே கூடாது. கல்லாவை எண்ணி முடித்து, ஷட்டர் போட்ட பிறகு தனியே கூப்பிடுங்கள். "நீ எதற்கும் லாயக்கில்லை" என்பது பேச்சல்ல. "தம்பி, இந்த வாரம் மூணு சிட்டையிலே சாமான் விட்டுப் போச்சு. உனக்கு என்ன சங்கடம், சொல்லு" என்றால் அவர் வாய் திறப்பார். வயதில் மூத்தவரானால் "அண்ணே" என்றே தொடங்குங்கள். மரியாதை குறைந்தால் காது அடைத்துவிடும்.

பிறகு ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, திருத்த ஒரு மாதத் தவணை கொடுங்கள். சனிக்கிழமைதோறும் அதை ஒரு நோட்டில் குறித்து அவரிடமும் காட்டுங்கள். தேறினால் அதையும் சொல்லுங்கள்.

தேறாவிட்டால் இடத்தை மாற்றிப் பாருங்கள். கவுன்டரில் தடுமாறுபவர் கிட்டங்கியில் சரக்கு அடுக்குவதில் கெட்டிக்காரராக இருக்கலாம். பில் போடத் தெரியாதவர் பாக்கி வசூலில் சமர்த்தராக இருக்கலாம். எந்த வேலைக்கு யார் ஏற்றவர் என்று ஆராய்வதற்கென்றே திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று தனி அதிகாரம் இருப்பதை நினைவில் கொள்வோம்.

விலக்கியே தீர வேண்டுமானால்

கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிடக் கூடாது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி விலக்கக் கூடாது என்கிறது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஒழுங்கீனக் குற்றம் விசாரணையில் தக்க சாட்சியத்துடன் மெய்ப்பிக்கப்பட்டால் மட்டுமே முன்னறிவிப்பு தேவையில்லை. விலக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம். அப்போது நீங்கள் சனிக்கிழமைதோறும் எழுதிய நோட்டுதான் பேசும். வேலை மந்தம் என்பதற்காகத் திருட்டுப் பழி சுமத்துவது பாவம், வழக்கிலும் நிற்காது.

நம் கடைச் சிப்பந்திகளில் பலர், சொந்த ஊரில் தெரிந்தவர் நம்பி ஒப்படைத்த பிள்ளைகள். கணக்கை ஒரு பைசா பாக்கியின்றித் தீர்த்து, முடிந்தால் அவருக்கு ஏற்ற வேறு இடமும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த ஆள் தேவைப்படும்போது அதே ஊருக்குத்தானே சொல்லியனுப்ப வேண்டும்?