நடுவில் என்ன இருக்கிறது?

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. ஆனாலும் சுங்கச்சாவடியில் அது தன் எண்ணைத் தானே சொல்லிவிடுகிறது. நெஞ்சின் தோலுக்கடியில் தைத்து வைத்த பேஸ்மேக்கரிலிருந்து வெளியே எந்த ஒயரும் வருவதில்லை. ஆனாலும் தன் பேட்டரி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அது டாக்டரின் திரைக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஆன்டெனாதான். அதன் வடிவம், அளவு, எட்டும் தூரம் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் தீர்மானிக்கிறது: பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? காற்றா, தண்ணீரா, இரும்பா, சதையா?

முதலில் சின்னக் கணக்கு ஒன்று. 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுத்தால், அலையின் நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். எஃப்எம் ரேடியோ 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலை 3 மீட்டர். ஒரு கம்பி, அலையின் பாதி நீளத்துக்கு இருந்தால் அந்த அலையை நன்றாக வாங்கும், நன்றாக அனுப்பும். ஃபாஸ்டேக் வேலை செய்வது 866 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. அலை சுமார் 35 சென்டிமீட்டர், பாதி 17. ஆனால் ஸ்டிக்கர் அவ்வளவு நீளம் இல்லையே? அதற்காகத்தான் உள்ளே இருக்கும் உலோகக் கோட்டை வளைத்து வளைத்து மடக்கியிருப்பார்கள். சில பெரிய கடைகளில் துணியோடு தரும் விலைச்சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்த நெளிகோடு தெரியும். நடுவில் புள்ளி போல ஒன்று இருக்கிறதே, அதுதான் சிப்.

பேட்டரி இல்லாமல் அது எப்படிப் பேசுகிறது? பள்ளிக்கூடத்தில் பையன்கள் கைக்கண்ணாடியை வெயிலில் காட்டி, எதிர்ச்சுவரில் வெளிச்சத்தை ஆடவிடுவார்களே, அதேதான். வெளிச்சம் பையனுடையது இல்லை. திருப்பி விடுவது மட்டும் அவன் வேலை. சுங்கச்சாவடியின் மேலே இருக்கும் ரீடர் ஆன்டெனா அலையை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு துளியை டேக்கின் ஆன்டெனா வாங்கிச் சிப்பை எழுப்புகிறது. எழுந்த சிப், தன் ஆன்டெனா அலையைத் திருப்பி அனுப்பும் அளவைக் கூட்டியும் குறைத்தும் மாற்றுகிறது. ரீடர் அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணாக வாசித்துக்கொள்கிறது. சிப் எழுவதற்கு வேண்டியது ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்கு அளவு சக்திதான்.

இந்த யோசனை புதிதில்லை. 1945-ல் சோவியத் சிறுவர்கள் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய சின்னம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதற்குள் லியோன் தெரமின் என்ற சோவியத் பொறியாளர் செய்த ஒட்டுக்கேட்புக் கருவி ஒன்று இருந்தது. பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் அறையின் பேச்சை அலையில் ஏற்றித் திருப்பி அனுப்பும். 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அலை பாயாத நேரத்தில் அது வெறும் உலோகத் துண்டு; தேடினால் என்ன கிடைக்கும்? நடுவே 1948-ல் ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், திருப்பி அனுப்பிய சக்தியாலேயே செய்தி சொல்லலாம் என்று ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார். மலிவான சிப் வருவதற்குத்தான் உலகம் காத்திருந்தது.

இந்தியாவில் இந்த டேக்குகளுக்காக 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசையை 2005-ல் உரிமம் வேண்டாத வரிசையாகத் திறந்துவிட்டார்கள். கருவியின் சக்தி 1 வாட்டைத் தாண்டக்கூடாது, ஆன்டெனாவிலிருந்து புறப்படும்போது 4 வாட்டுக்குச் சமமாக இருக்கலாம் என்பது அப்போது வைத்த விதி. ஒன்று எப்படி நான்காகும் என்று கேட்பீர்கள். ஆன்டெனா சக்தியை உண்டாக்குவதில்லை. நாலாபக்கமும் சிதறிப் போவதை ஒரு பக்கமாகத் திரட்டி அனுப்புகிறது. அந்தப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் அது நான்கு வாட் போலப் படும்.

சரி, இதே டேக்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். சக்கர நாற்காலியைத் தேட, இன்ஃப்யூஷன் பம்ப் எந்த வார்டில் நிற்கிறது என்று பார்க்க இது நன்றாகவே உதவும். ஆனால் சலைன் பாட்டிலில் ஒட்டினால் ஊமையாகிவிடும். இந்த அதிர்வெண்ணில் தண்ணீர் அலையை விழுங்குகிறது. அதோடு பக்கத்தில் தண்ணீர் இருந்தால் ஆன்டெனாவின் சுருதியே மாறிப்போகிறது. இரும்பு அலமாரியின் மேல் ஒட்டினாலும் இதே கதி: உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலை, வரும் அலையை அழித்துவிடும். உலோகத்துக்கென்று அடியில் தடிமனான அட்டை வைத்த தனி டேக் உண்டு, விலை அதிகம். தண்ணீருக்கு அந்தத் தந்திரம் போதாது. அதிர்வெண்ணையே மாற்ற வேண்டும்.

மாற்றி வருவது 13.56 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் கடையில் தட்டிப் பணம் கட்டும் அட்டை, சென்னை மெட்ரோவின் பயண அட்டை எல்லாம் இதுதான். கணக்குப் போட்டால் அலை 22 மீட்டர் நீளம். பாதி நீளக் கம்பிக்கு இங்கே இடமே இல்லை. அதனால் கம்பியை விட்டுவிட்டுக் காயில் சுற்றுகிறார்கள். இங்கே நடப்பது அலை பறந்து போவதும் திரும்புவதும் இல்லை. ரீடரின் காயிலில் எழும் காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் காயிலில் மின்சாரத்தைத் தூண்டுகிறது, டிரான்ஸ்ஃபார்மரில் நடப்பது போலவே. இந்தக் காந்தப்புலத்துக்குத் தண்ணீரும் ரத்தமும் சதையும் பெரிய தடையே இல்லை. அதனால்தான் ரத்தப் பைகளுக்கான சர்வதேச வழிகாட்டுதலிலும் 13.56 மெகாஹெர்ட்ஸ்தான் பரிந்துரை. கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை அளவு சென்சார்களில் ஒரு வகை, போனை அருகில் கொண்டுபோனதும் அளவைக் காட்டுகிறதே, அதுவும் இதே வழிதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. காந்தப்புலம் தூரம் போகப் போக மிக வேகமாக மெலியும். காயில் பெரிதாக இருந்தால் ஒரு மீட்டர், சிறிதாக இருந்தால் சில சென்டிமீட்டர், அவ்வளவுதான் எட்டும். சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஆபரேஷன் தியேட்டர். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் ரத்தத்தை ஒற்றியெடுக்கப் பருத்தித் துணிகளைப் பயன்படுத்துவார்கள். நம்மூர் தியேட்டர்களில் அவற்றை மாப் என்பார்கள். மூடுவதற்கு முன் நர்ஸ் எண்ணிச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் ஊறிய துணிக்கும் சுற்றியிருக்கும் திசுவுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எண்ணிக்கை தவறினால் துணி உள்ளேயே தங்கி, மாதங்களோ வருடங்களோ கழித்துச் சீழும் வலியுமாக வெளிப்படும். எக்ஸ்ரேயில் தெரிகிற நூலை அதில் கோத்து வைத்திருப்பது பழைய ஏற்பாடு. ஒவ்வொரு துணியிலும் ஒரு டேக்கைத் தைத்துவிட்டால் என்ன? ஸ்டான்ஃபோர்டில் 8 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். கையடக்க ரீடரை வயிற்றின் மேல் நகர்த்தியபோது, உள்ளே வேண்டுமென்றே வைத்த துணிகளை எல்லாம் அது கண்டுபிடித்துவிட்டது. பிறகு வந்த கருவிகள் சில இன்னும் கீழே, கிலோஹெர்ட்ஸ் அளவுக்கே இறங்கின. எவ்வளவு சதைக்கு அடியில் தேடுகிறோமோ, அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண். ரேடியோ அலையின் பயன்களில் இதைவிடப் பெருமைப்படத்தக்கது வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியிலேயே இதற்கு எதிர்ப்பக்கமும் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படும் 41 கருவிகளுக்கு அருகில் டேக் ரீடர்களை வைத்துப் பார்த்தார்கள். நோயாளி யாரையும் கருவியில் இணைக்கவில்லை. 2008-ல் வந்த முடிவு: 123 சோதனைகளில் 34 முறை இடையூறு, அதில் 22 ஆபத்தானவை. வெண்டிலேட்டர் அணைந்திருக்கிறது, மருந்து செலுத்தும் சிரிஞ்சு பம்ப் நின்றிருக்கிறது. காரணம் எளிது. கருவிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஒயரும், யாரும் கேட்காமலே, ஓர் ஆன்டெனாதான். நீளம் பொருந்திவிட்டால் அதுவும் அலையை வாங்கிக்கொள்ளும். தூரத்திலிருந்து எழுப்ப வேண்டிய 868 மெகாஹெர்ட்ஸ் ரீடர்தான், பேட்டரி வைத்த டேக்கோடு 125 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்த இன்னொன்றைவிட அதிகம் தொல்லை தந்தது. பொருளைத் தேடும் வசதிக்காக ரீடர் மாட்டும் எந்த ஆஸ்பத்திரியும், அதன் அருகே எந்தக் கருவி நிற்கும் என்று பார்த்து, அதை முதலில் சோதித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இப்போது நெஞ்சுக்குள் போவோம். உடலுக்குள் முழுதாகப் பதித்த முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8-ல், ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு. செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட், பதித்தவர் டாக்டர் ஓகே சென்னிங். அந்தக் கருவிக்குள் ஒரு காயில் இருந்தது. வெளியே இன்னொரு காயிலை வைத்து அதன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவார்கள். ஆக, உடலுக்குள் போன முதல் பேஸ்மேக்கரே காந்தப்புலத்தின் வழியாக வெளியுலகோடு தொடர்பு வைத்திருந்தது. சில மணி நேரமே அது ஓடியது. ஆனால் லார்சன், 20-க்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்கள் மாற்றி, எல்ம்க்விஸ்ட், சென்னிங் இருவரும் காலமான பிறகும் வாழ்ந்து, 2001-ல் 86 வயதில் காலமானார்.

பின்னால் வந்த பேஸ்மேக்கர்களுக்கு டைட்டானியம் உறை வந்தது. உடல் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் உலோகம், உயர் அதிர்வெண் அலையை உள்ளே விடாது. தாழ்ந்த அதிர்வெண் காந்தப்புலம் மட்டும் கொஞ்சம் கசிந்து போகும். அதனால் பல பத்தாண்டுகளுக்கு, செக்கப்புக்குப் போனால், ஒயரோடு கூடிய ஒரு தட்டையான கருவியைச் சட்டைக்கு மேலே நெஞ்சில் வைத்துத்தான் பேச்சுத் தொடங்கும். இன்றும் பல இடங்களில் அப்படித்தான்.

அறையின் அந்தப் பக்கத்திலிருந்தே பேச வேண்டும் என்றால் வேறு அலைவரிசை வேண்டும். 1999-ல் அமெரிக்கா 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரை உடலுக்குள் பதிக்கும் கருவிகளுக்கென்று ஒதுக்கியது. இந்தியா உட்பட மற்ற நாடுகளும் அந்த வழியில் வந்தன. அதுவரை அது வானிலை பலூன்களின் வரிசை. இப்போது இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இங்கே சதை ஓர் உதவியும் செய்கிறது, ஓர் உபத்திரவமும் செய்கிறது. காற்றில் 74 சென்டிமீட்டராக இருக்கும் அந்த அலை, தசைக்குள் நுழைந்தால் சுமார் 10 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே ஆன்டெனாவும் சுருங்கலாம். உறையின் மேல் பக்கத்தில், இதயத்துக்குப் போகும் ஒயர்களைச் செருகுவதற்காக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தலைப்பகுதி இருக்கும். அதற்குள் ஆன்டெனாவை வளைத்து வைத்துவிடுவார்கள். உபத்திரவம் என்னவென்றால், அனுப்பும் சக்தியில் பெரும்பங்கைச் சதையே உறிஞ்சிவிடும். பேட்டரியோ பல வருடம் வரவேண்டும். எனவே கருவி பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது கண்விழித்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கும். உடலிலிருந்து வெளியே வரும் கதிர்வீச்சுக்கு வைத்த வரம்பு 25 மைக்ரோவாட். சுங்கச்சாவடியின் 4 வாட்டோடு ஒப்பிட்டால் ஒன்றரை லட்சம் மடங்குக்கு மேல் குறைவு. பேஸ்மேக்கர் அனுப்பும் அலை உடம்பைக் கெடுக்குமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்த ஓர் எண் போதும். இப்போது வரும் சில மாடல்கள் போனோடு புளூடூத்திலேயே பேசுகின்றன. வீட்டில் இருந்தபடியே விவரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறது.

தூரம் குறைவாக இருப்பது குறை இல்லை என்றேனே, அதற்கு இப்போது வருகிறேன். எட்டும் தூரம் கூடினால், கூப்பிடக்கூடியவர்களும் கூடுகிறார்கள். 2008-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், உடலுக்குள் பதித்து இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி ஒன்றிடம் அனுமதி இல்லாமல் நோயாளியின் விவரத்தை வாங்கவும், கட்டளை இடவும் முடியும் என்று காட்டினார்கள். அவர்களுடைய சோதனை நடந்தது சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்துதான். பல மீட்டர் எட்டும் ஆன்டெனா வந்தால் என்ன ஆகும் என்பதே அவர்கள் எழுப்பிய கவலை. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனியின் கருவியில் அந்தத் தொடர்பையே 2007-ல் அணைத்து வைத்திருந்ததாக அவருடைய டாக்டர் பின்னர் சொன்னார். 2017-ல் அபாட் நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களுக்கு, அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000-க்கு, பாதுகாப்புக்காக மென்பொருள் மாற்ற வேண்டியதாயிற்று. அதை வீட்டிலிருந்து செய்ய விடவில்லை. நேரில் வரவேண்டும், அந்தத் தட்டையான கருவியை நெஞ்சின் மேல் வைக்க வேண்டும், சுமார் மூன்று நிமிட வேலை. அதுதான் சரியான முடிவு. விவரம் தூரத்திலிருந்து போகட்டும். கட்டளை மட்டும் தொட்டுவிடும் தூரத்திலிருந்தே வரட்டும்.

வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் சில காரியங்களை இன்றே செய்துவிடுங்கள். போனைக் கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வைக்க வேண்டாம்; 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும். புதிய போன்களுக்குள் இருக்கும் காந்தம், ஆன்டெனாவைவிட அதிகக் கவனம் வேண்டிய விஷயம். கடை வாசலில் திருட்டைத் தடுக்க நிறுத்திய கம்பங்களும் காயில் ஆன்டெனாக்களே. நடந்து கடந்து போனால் போதும், சாய்ந்து நின்று பேசக்கூடாது. கருவியின் பெயரும் மாடல் எண்ணும் எழுதிய அடையாள அட்டையை ஆஸ்பத்திரியில் கொடுத்திருப்பார்கள். பீரோவில் இருந்தால் எடுத்துப் பர்ஸில் வையுங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம், இந்தக் கருவி எந்த வழியில் பேசுகிறது, அதற்குப் புதிய மென்பொருள் ஏதும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.